தடைக்காலத்தில் ஸ்பிதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் பாம்பன். விசைப்படகில் வேலை. கடலுக்குப் போகாத நாட்களில் உங்கள் தளத்தில் பழைய கட்டுரைகளைத் தேடித் தேடி வாசிப்பேன்.

வருகிற மீன்பிடித் தடைக்காலத்தில் நாங்கள் ஐந்து பேர் இமயமலைப் பக்கம் போவதாக முடிவு செய்திருக்கிறோம். நாலு பேர் ஒரே படகு. ஐந்தாவது ஆள் என் மச்சினன், நாட்டுப்படகு. நான் கொச்சிக்குத் தங்கல் மீன்பிடிப்புக்குப் போயிருக்கிறேன், மற்றவர்கள் மதுரையைத் தாண்டியதில்லை. பேக்கேஜ் டூர் எல்லாம் வேண்டாம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ், ரயில், நடை என்று போக ஆசை. மணாலி, ஹம்தா பாஸ், சந்திரதால் என்று யூடியூப் பார்த்து ஒரு லிஸ்ட் போட்டிருக்கிறோம். கையில் இருபது நாள்.

கடல்மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா? எல்லாரும் வலை இழுத்த உடம்புதான், நடைக்குப் பயமில்லை. லிஸ்ட் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் அண்ணன் சொல்கிறான்: "வடக்க உள்ளவன் காசு செலவழிச்சு நம்ம கடலப் பாக்க வர்றான். நீ அங்க போயி என்னத்தடா பாக்கப் போற?" எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

பெயர் போட வேண்டாம். வீட்டில் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

பாம்பனிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த லிஸ்டைக் கிழித்துப் போடுங்கள். ஹம்தா பாஸ் 4,270 மீட்டர். மே மாதத்தில் அங்கே பனி குவிந்து கிடக்கும், வழக்கமாக ஜூன் நடுவில்தான் ஆட்கள் கடக்கத் தொடங்குவார்கள். ஜூன் 14 முடிந்தால் நீங்கள் வலை ஏற்றிக் கடலுக்குப் போயாக வேண்டும். சந்திரதாலுக்கும் அதே கதைதான். மணாலியிலிருந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போகும் பாதை குன்சும் கணவாய் வழியாகப் போகிறது, அங்கே பனியை வெட்டி வழிவிட மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும். (கணவாய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். அதற்கும் பிறகு வருகிறேன்.)

உடம்பு விஷயத்துக்கு வருவோம். வலை இழுத்த உடம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னைப் பயமுறுத்தியது.

எங்கள் முதல் பயணம் இருபது வருஷத்துக்கு முன்னால். தேவிபட்டினத்திலிருந்து நாலு பேர். அதில் ஒருவன் பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கிறவன். ஏழு பாகம் தண்ணீரில் தம் கட்டி இறங்கி, மடியில் சங்கோடு மேலே வந்து, மூச்சு வாங்காமல் பேசுவான். எங்களில் யாராவது படுத்தால் அவன்தான் தூக்கிக்கொண்டு வருவான் என்று ரயிலிலேயே பேசிச் சிரித்தோம்.

ஜூலை மாதம். மணாலியில் ஒரு ராத்திரி தூங்கி, காலையில் ஜீப் பிடித்து, ரோத்தாங் கணவாயைக் கடந்து, சாயங்காலம் சந்திரதால் ஏரிக்கரைக் கூடாரத்தில் இறங்கினோம். மணாலி 2,050 மீட்டர். ஏரி 4,250-க்கு மேல். ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறோம் என்று கணக்குப் போட எங்களுக்குத் தெரியாது. வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் சொல்லவில்லை.

மதியமே அவனுக்குத் தலைவலி. எனக்குத் தெரியும், நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப வேண்டிவரும், ஏரி போய்விடும். அவனும் சொல்லவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவைத்தான், இரண்டு தரம் வாந்தி எடுத்தான். ராத்திரி ஒன்றுக்குப் போக வெளியே வந்தவன் இப்படியும் அப்படியும் தள்ளாடி, கூடாரக் கயிற்றில் தடுக்கி உட்கார்ந்துவிட்டான். "மாப்ள, எங்களுக்குத் தெரியாம ஏத்திக்கிட்டியா" என்று நான்தான் சிரித்தேன். பக்கத்தில் வண்டியில் படுத்திருந்த டிரைவர், லாகௌல்காரர், வயதானவர், எழுந்து வந்து டார்ச் வெளிச்சத்தில் அவனை ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். பெருவிரலுக்கு முன்னால் குதிகால் வைத்து நாலடி. இரண்டாவது அடியிலேயே சாய்ந்தான். அவர் எங்களை இந்தியில் திட்டியது எதுவும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. இரவோடு இரவாகச் சத்ரு என்ற ஊருக்கு இறக்கிக் கொண்டுவந்தார். அது 3,300 மீட்டர் சொச்சம். விடிந்து டீ குடிக்கும்போது நேராக நடந்தான்.

உயரத்தில் மூளை வீங்குவதன் அடையாளம் அந்தத் தள்ளாட்டம் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்னொன்று நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், முற்றினால் நுரையும் ரத்தமுமாகச் சளி வரும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உடல்வலு இதில் காப்பாற்றாது. கடலோரக்காரன், மதுரைக்காரன் என்ற பேதமும் இல்லை. 2,500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறுகிற யாருக்கும் வரலாம். ஸ்பிதியில் உள்ள காசா ஊரில் காற்றின் அழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, காது வலித்துச் சொல்லிவிடும். மலையில் அப்படி உடனே சொல்ல ஒரு காது கிடையாது. சாயங்காலம் வருகிற தலைவலிதான் அது. அதைத் துண்டு கட்டி மறைப்பது வலுவான ஆட்கள்தான். அதனால்தான் பயந்தேன்.

உங்கள் படகில் யோசித்துப் பாருங்கள். வலையை விடு, வாங்கு, போதும் திருப்பு என்று டிரைவர் சொன்னால் சொன்னதுதான். கச்சான் காற்று பிடிக்கிறது என்று அவர் கரைக்குத் திருப்பும்போது, இன்னும் ஒரு பாடு பார்க்கலாமே என்று நாலு பேரும் முணுமுணுப்பீர்கள். ஆனால் திரும்பிவிடுவீர்கள். சிநேகிதர்கள் சேர்ந்து மலைக்குப் போகும்போது அந்த டிரைவர் இருப்பதில்லை. எல்லாரும் சமம், எல்லாரும் மாப்ள. ஒருத்தன் நிறுத்தச் சொன்னால் மற்றவன் கேலி செய்வான். அன்றைக்கு எங்கள் நாலு பேருக்குமே ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. நீங்கள் ரயில் ஏறும் முன்னால் ஐந்து பேரில் ஒருவரை டிரைவராக வையுங்கள். நல்ல நடைக்காரரை வேண்டாம், பயந்த சுபாவக்காரரை வையுங்கள். அவர் திரும்பு என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும். கேலி கரைக்கு வந்த பிறகு.

இனி வழி. சிம்லா பக்கமிருந்து போங்கள், கின்னௌர் வழியாக. இந்தப் பாதை வருஷம் முழுக்கத் திறந்திருப்பது, உங்கள் தேதிக்குப் பொருந்தும். மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்கு சம்பர்க் கிராந்தி. டெல்லியிலிருந்து கல்கா, கல்காவிலிருந்து சின்ன ரயில், 1903-இல் போட்டது, நம் பழைய பாம்பன் பாலத்துக்குப் பதினோரு வயது மூத்தது. 96 கிலோமீட்டர், நூற்றுச் சொச்சம் சுரங்கம். பாலத்தில் ரயிலைப் பார்த்தே வளர்ந்த ஆட்கள் அதைத் தவறவிடக் கூடாது.

சிம்லா 2,200 மீட்டர். அங்கே ஒரு ராத்திரி. அடுத்து கல்பா, 2,960. அங்கே இரண்டு ராத்திரி, சும்மா சுற்றுங்கள். கல்பாவுக்குக் கீழே உள்ள ரெக்காங் பியோவில் காலையில் காசாவுக்கு அரசு பஸ் கிளம்பும், அதில் ஏறி நாக்கோவில் இறங்காமல் தாபோவில் இறங்குங்கள். நாக்கோ 3,600, தாபோ 3,280. மூவாயிரத்துக்கு மேல் போன பிறகு, படுக்கிற இடம் முந்தைய ராத்திரியைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினாலும் ராத்திரி இறங்கிவிடலாம். தாபோ மடாலயம் கி.பி. 996-இல் எழுந்தது, தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் மூத்தது. வெளியே பார்த்தால் மண் குவித்த மாதிரி இருக்கும், உள்ளே போங்கள். பிறகு காசா, அங்கிருந்து லாங்ஸா, ஹிக்கிம், கீ எல்லாம் பகலில் போய்த் திரும்புவது. வந்த வழியே இறக்கம்.

அந்தச் சங்கு குளிக்கிற சிநேகிதன் மூன்று வருஷம் கழித்து எங்களோடு மறுபடி வந்தான், இந்த வழியில்தான். அதே உடம்பு. 4,400 மீட்டர் லாங்ஸாவில் லேசான தலைவலி, அவ்வளவுதான், அதையும் வாய்திறந்து சொன்னான். கீ மடாலயத்தில் காலைப் பூசைக்கு ஒரு இளம் பிக்கு வெள்ளைச் சங்கு ஊதினார். முடிந்ததும் இவன் கையை நீட்டினான். அவர் கொடுத்தார். புரட்டி, வாய்க்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம கடல்ல உள்ள சாதி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்க மட்டும் நேரமாகியது.

கணவாய்க்கு வருகிறேன். லாங்ஸாவைச் சுற்றி மலைச்சரிவில் கறுப்புக் கல் உருண்டைகள் கிடக்கும். உடைந்திருப்பதை எடுத்துப் பார்த்தால் உள்ளே சுருள் சுருளாக வரி வரியாக ஒரு ஓடு. அம்மோனைட். பார்க்கச் சங்கு மாதிரி இருக்கும், ஆனால் சொந்தம் சங்கோடு இல்லை. நீங்கள் ஏலத்தில் கொட்டுகிற கணவாய் மீனோடு. சுமார் பதினைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது, டெத்திஸ் என்று பெயர். இந்திய நிலம் வடக்கே நகர்ந்து ஆசியாவில் முட்டியபோது அந்தக் கடலடி மடங்கி மேலே எழும்பிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் விற்க வருவார்கள். கையில் வாங்கிப் பாருங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வராதீர்கள், மலை காலியாகிவிடும்.

சில்லறை விஷயங்கள். படகில் வெறுங்காலோடு நிற்கிற கால் உங்களுடையது, ஷூ கடிக்கும். ஒரு மாதம் முன்பே வாங்கி பஜாருக்குப் போட்டுப் பழகுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கைலி கட்டாயம். வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று இருக்காதீர்கள், அந்த உயரத்து வெயில் வேறு, உதடு வெடித்துவிடும். நாலாயிரம் மீட்டரில் தண்ணீர் 87 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாத இடத்தில் சோறு வேகாது, துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பைக் குடித்துவிட்டுப் பேசாமல் படுங்கள். குளிருக்கு ஒரு கட்டிங் என்று எவனாவது ஆரம்பிப்பான். உயரத்தில் முதல் மூன்று நாள் கூடவே கூடாது. நெத்திலிக் கருவாடு எடுத்துப் போவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் எடுத்துப் போனேன். தாபோவில் தங்கிய வீட்டு அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் வெளியே உட்கார்ந்திருந்தார்.

பணத்துக்குப் பங்கு கணக்கே நல்லது. எல்லாரும் போட்டு ஒருவர் கையில், படகில் டீசலும் ஐஸும் கழிகிற மாதிரி, டிக்கெட்டும் தங்குமிடமும் முதலில் கழியட்டும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வீட்டுக்கு. அதைத் தொடாதீர்கள். உங்கள் மச்சினனுக்குத் தடைக்காலமே கிடையாது, அவருக்கு ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது, பங்கு போடும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். படகைக் கரையேற்றியதும் கிளம்பி, மே கடைசிக்குள் வந்துவிடுங்கள், பெயின்ட் அடிக்கவும் வலை பொத்தவும் ஆள் தேடுவார்கள்.

அண்ணன் கேட்டதற்கு என்னிடமும் நேரான பதில் இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அக்னி தீர்த்தத்தில் விடியற்காலை கார்வால் பக்கத்துப் பெரியவர்கள் வந்து நிற்பார்கள், கங்கோத்ரித் தண்ணீர்ச் செம்போடு. அலையே இல்லாத நம் கடலில் முழங்கால் அளவுக்கு இறங்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பாட்டி தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பிவிட்டு, மறுபடியும் அள்ளி வைத்துப் பார்த்தார். உப்பு என்று யாரோ சொல்லிக் கேட்டது வேறு, இது வேறு. கல்பாவில் முதல் பனியை நான் வாயில் போட்டபோது பக்கத்தில் நின்ற ஆப்பிள் தோட்டக்கார அம்மா ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தமிழ்நாடு என்றால் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. ராமேஸ்வரம் என்றதும் கும்பிட்டார். அங்கே கடல் ராத்திரியிலும் சத்தம் போடுமா என்று கேட்டார்.

ஹிக்கிமில் ஒரு தபால் ஆபீஸ் இருக்கிறது, 4,400 மீட்டருக்கு மேல். அங்கிருந்து அண்ணனுக்கு ஒரு கார்டு போடுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், கார்டைப் பார்த்து அம்மா தெரிந்துகொள்ள வேண்டாம்.

ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் திறக்கும், கோடை விடுமுறைக் கூட்டம் இருக்கும், காலை எட்டு மணிக்கே உட்காருங்கள். ஐந்து பேரில் யார் டிரைவர் என்று முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்
தேவிபட்டினம்