தைத்து முடித்த கிராஸ் ஸ்டிச் துண்டுகளைத் தொங்கும் அலங்காரமாக மாற்றுவது எப்படி?

பீரோவில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் கிடக்கின்றன, எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டால் கட்டுப்படியாகாது என்கிறீர்கள். நானும் அப்படிச் சேர்த்து வைத்திருந்தவள்தான். இருப்பது ராயபுரம், கடலுக்குப் பக்கம். அதனால் இந்தப் பதிலில் உப்புக்காற்று கொஞ்சம் அடிக்கும்.

முதல் முறை பின்புறம் அட்டை வைத்து, துணியை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். ஐப்பசி மழையில் அட்டை அப்பளம் மாதிரி நெளிந்தது. பின் துருப்பிடித்துத் துணியில் ஏறிய கறை துவைத்தும் போகவில்லை. இப்போது அட்டைக்குப் பதில் ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டிக்கொள்கிறேன். பின், பசை எதுவும் கிடையாது, எல்லாம் ஊசி நூல்தான்.

துண்டை முதலில் அலச வேண்டும், கைப்பிசுக்கு நிறைய ஏறியிருக்கும். சிவப்பு நூல் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அலசாமல் விட்டுவிடுங்கள். டர்க்கி டவல்மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி போடுங்கள், இல்லையென்றால் தையல் சப்பையாகிவிடும்.

14 கவுண்ட் ஐடா துணியில் (கிராஸ் ஸ்டிச்சுக்கென்று கட்டம் கட்டமாக நெய்த துணி, அங்குலத்துக்கு 14 தையல்) 42 தையல் என்றால் 3 அங்குலம். வட்டமான டிசைன் என்றால் மூடியை மூன்றரை அங்குலத்துக்கு வெட்டலாம். துணியைச் சுற்றிலும் முக்கால் அங்குலம் கூடுதலாக விடுங்கள், ஐடா ஓரத்தில் பிரிந்துகொண்டே வரும். ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, உள்ளே கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் மூடி வைத்து நூலை இழுத்தால் சுருக்குப் பை போல மூடிக்கொள்ளும். முடிச்சு போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். ஒற்றை நூலில் தொங்குவது ஃபேன் காற்றில் சுற்றும், முதுகுப் பக்கம்தான் அதிகம் கண்ணில் படும். அதனால் இரண்டு வட்டங்களை முதுகோடு முதுகு சேர்த்து ஓரம் தைப்பேன். ஜோடி கிடைக்காவிட்டால் ரவிக்கை வெட்டிய மிச்சத் துணி இருக்கவே இருக்கிறது.

தொங்கவிட, காசிமேட்டுப் பக்கம் வலைக்கடையில் வாங்கிய மெல்லிய தங்கூசி, அதாவது மீன்பிடிக்கிற நைலான் நூல். துருவும் பிடிக்காது, கண்ணுக்கும் தெரியாது. அடியில் மிச்ச நூலைத் தீப்பெட்டியில் சுற்றிச் செய்த குஞ்சலம், கனத்துக்கு ஒரு கண்ணாடி மணி. கனம் இல்லாவிட்டால் பக்கத்தில் தொங்குவதோடு சிக்கிக்கொள்ளும்.

வெயில் நேரே விழும் ஜன்னல் மட்டும் வேண்டாம். என் நீல மீன்கொத்தி ஒரே கோடையில் சாம்பல் புறா ஆகிவிட்டது.