கொழும்பை விட்டு யாழ்ப்பாணம் போய்க் குடியிருக்கலாமா? செலவு குறைவா, சனம் எப்படி?

கொழும்பில் வாடகை கட்டி மாளவில்லை, செலவு குறைந்த, மனிதர்கள் முகம் பார்த்துக் கதைக்கிற ஒரு சிறிய நகரத்துக்குப் போக நினைக்கிறேன், யாழ்ப்பாணம் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு மூன்று பேர் "அங்கே போகாதீர்கள், ஆர் வீட்டுக்கு ஆர் வருகிறார்கள் என்று வேலிக்குள்ளால் பார்க்கிற சனம்" என்று பதில் எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் இரண்டு அறை மாடி வீட்டில் இருக்கிறீர்கள், வீட்டிலிருந்து செய்யக்கூடிய தொழில், கூடவே வயதான தாயோ தகப்பனோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நான் அப்படித்தான் இருந்தேன். 1995 ஐப்பசியில் யுத்தத்தால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன சனத்துக்குள் நாங்களும் போனோம். பிறகு வவுனியா, பிறகு வெள்ளவத்தை. அங்கே இருபது வருடத்துக்கு மேல். திரும்பி வந்தது 2022 ஆனியில்.

ஏன் வந்தேன் என்று கேட்டால் எல்லோருக்கும் "பொருளாதார நெருக்கடி" என்று சொல்லிவிடுவேன். அது பொய்யில்லை. அந்தப் பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மூன்றாம் மாடி, லிப்ட் ஓடாது, காஸ் சிலிண்டருக்கு வரிசை. ஆனால் மனதில் முடிவு எடுத்தது அதற்கு முந்தின வருடமே.

அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்த நேரம். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். காலி வீதியில் நாலு மணி நேரம் தேடினேன். கடைசியில் பம்பலப்பிட்டியில் ஒரு புடைவைக் கடை வாசலில் கதிரையில் இருந்தார். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர், சோடாவும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் அம்மாவை ஆரிடம் ஒப்படைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் மாடியிலேயே பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்கு என் பெயர் தெரியாது, வீட்டு இலக்கம்தான் தெரியும். கொழும்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களுக்கு ஒன்றுமில்லாமல் போனபோது சோறு போட்டது அந்த நகரம்தான்.

இப்போது யாழ்ப்பாணக் கதை. வந்து ஒன்றரை வருடம் கழித்து, 2023 மார்கழியில், மழைத் தூறலோடு ஒரு விடியற்காலை அம்மாவை மறுபடி காணவில்லை. பழைய பனையோலைப் பையையும் காணவில்லை. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை நீளத்துக்கும் ஓடினேன். நான் வாயைத் திறக்க முன்னமே முன்வீட்டு அக்கா சைக்கிளை எடுத்துவிட்டார். அவரின் மகன் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதிப் பக்கம் போனான்.

அம்மா பக்கத்து ஊரான திருநெல்வேலியின் சந்தைக்குப் போயிருந்தார். சின்ன வயதில் தாயோடு போன பாதை கால்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. சந்தையில் கீரை விற்கிற ஒரு பெண், நனைந்துபோய் நிற்கிற அம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்கள் எவடம்? ஆற்றை ஆக்கள்?" என்று, அதாவது எந்த இடம், யாருடைய குடும்பம் என்று, கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு என் பெயர் வரவில்லை. வீடு எங்கே என்றும் வரவில்லை. "நான் பரியாரியாற்றை பேத்தி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பரியாரியார் என்றால் நாட்டு வைத்தியர், அவர் செத்து ஐம்பது வருடத்துக்கு மேல். ஆனால் பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவர் நிமிர்ந்து பார்த்து, "கொக்குவில் பரியாரியாரோ? அவரின் வளவில் இப்ப பேத்தியின் மகள் வந்து இருக்கிறாள்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதரோடு நான் ஒரு நாளும் கதைத்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து, பிளேன்ரீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். தலைக்கு ஒரு துவாய் சுற்றியிருந்தது. பைக்குள் ஒரு கட்டு முளைக்கீரையும் நாலு முருங்கைக்காயும். காசு கொடுக்கப் போனேன். "அவ காசு தந்திட்டா" என்றார் கீரைக்காரப் பெண். அம்மாவிடம் காசே இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த "ஆற்றை ஆக்கள்" என்ற கேள்வியைத்தான் மற்றப் பதில்களில் மூக்கை நுழைக்கிற பழக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கும் அது எரிச்சல்தான். எந்தக் கடைக்குப் போனாலும் எந்த ஊர், ஆற்றை மகள், அவர் எங்கே, பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார்கள். அதே கேள்விதான் என் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இதில் ஒன்றை மறைக்க மாட்டேன், ஆராவது வந்து கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். அந்தக் கேள்வி சாதி அறியவும் கேட்கப்படுகிறது. 1968 இல் மாவிட்டபுரம் கோவிலுக்குள் போகவே ஒடுக்கப்பட்ட சாதியினர் போராட வேண்டியிருந்த ஊர் இது. இன்றைக்குக் கோவில் கதவு திறந்திருக்கலாம், ஆனால் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரிடம் தகப்பனின் பெயரைக் கேட்டுவிட்டு "வீடு கொடுத்தாச்சு" என்று சொல்லுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த அன்பு எல்லோருக்கும் அப்படியே கிடைக்கும் என்று எழுதினால் அது நேர்மையில்லை.

சரி, காசு விஷயம். வெள்ளவத்தையில் எழுபதாயிரம் வாடகை கொடுத்தேன். இங்கே முதல் பத்து மாதம் கொக்குவிலில் கிணறும் முற்றமும் உள்ள தனி வீட்டுக்கு இருபத்தையாயிரம். இது என் கணக்கு மட்டும். நல்லூர்க் கோவிலைச் சுற்றி வாடகை வேறு, இருபத்தைந்து நாள் திருவிழாக் காலத்தில் இன்னும் வேறு. மரக்கறி மலிவு. முருங்கை, பப்பாசி, எலுமிச்சை வளவிலேயே கிடைக்கும், தென்னம் பாளையும் பனை மட்டையும் அடுப்புக்கு உதவும். காஸ் இல்லாத அந்த மாதங்களில் இங்கே சமையல் நிற்கவில்லை. சைக்கிள் இருந்தால் முக்கால்வாசி அலுவல் முடியும். மீன் மலிவு என்று நினைத்து வராதீர்கள், நல்ல நண்டும் இறாலும் வெளியே போய்விடுகிறது. காணி வாங்குகிற எண்ணம் இருந்தால் விலை கேட்டுத் திடுக்கிடுவீர்கள், வெளிநாட்டுக் காசோடு போட்டி போட வேண்டும். இங்கே வந்து வேலை தேடலாம் என்றும் நினைக்காதீர்கள், சம்பளம் குறைவு. நான் கொழும்புக் கம்பனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், அந்த வருமானத்தில் இங்கே சீவிப்பதால்தான் மிச்சம் பிடிக்கிறது.

காணி என்றவுடன் ஒன்று சொல்லாமல் போக முடியாது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அம்மா எனக்குச் சீதனமாக எழுதிய காணியில் இரண்டு பரப்பை (பரப்பு என்பது இங்கே காணி அளவு) விற்றுத்தான் பழைய வீட்டுக்குக் கூரை போட நினைத்தேன். வாங்க ஆளும் வந்துவிட்டது. காணி உறுதி எழுதப் போனால், கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்றார்கள். அவர் கட்டாரில் வேலை. என் தாய் எனக்குத் தந்த காணி, வரி கட்டினது நான், ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட, கல்யாணம் முடித்த பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவன் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அவர் தன் காணியை விற்க என் கையெழுத்துத் தேவையில்லை. 1911 ஆம் ஆண்டுச் சட்டம். கணவன் தராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாமாம். என் கணவர் நல்லவர், உடனே செய்து அனுப்பினார், இருந்தாலும் தூதரகம், முத்திரை, தபால் என்று மூன்று மாதம் போய், கூரை இல்லாமல் ஒரு மாரி கழிந்தது. கணவன் விட்டுவிட்டுப் போன பெண்களின் நிலையை அப்போதுதான் யோசித்தேன். தேசவழமையை முழுதாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மகளுக்குக் காணி கொடுக்கிற வழக்கம் அதில் இருந்ததால்தான் எனக்குத் திரும்பி வர ஒரு வளவு இருந்தது. ஆனால் 1707 இல் ஒல்லாந்தர் எழுதி எடுத்த வழமையையும் நூறு வருடத்துக்கு முந்தின சட்டத்தையும் வைத்துக்கொண்டு 2023 இல் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்துவது சரியில்லை.

நீங்கள் வருவதென்றால் மாசியில் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் தொடங்கியிருக்காது. ஆனால் முடிவை சித்திரை வெயிலையும் பார்த்துவிட்டு எடுங்கள். மார்கழி, தையில் டெங்கு கூடும், பிள்ளை இருந்தால் முற்றத்தில் சிரட்டை, ரயர் கிடக்கவிடாதீர்கள். இங்கே பெரிய ஆறு இல்லை, எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர். தோட்டப் பக்கக் கிணறுகளில் பசளையின் நைத்திரேற்று கலந்திருக்கும், சில ஊரில் உவர். முற்பணம் கொடுக்க முன் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துப் பரிசோதியுங்கள்.

வீட்டைப் பத்திரிகை விளம்பரத்தில் தேடாதீர்கள். பிடித்த ஒழுங்கையில் இறங்கி நடந்து, கடையில் ஒரு பிளேன்ரீ குடித்து, வீடு இருக்குமா என்று கேளுங்கள். ஆற்றை ஆக்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எந்தக் குரலில் வருகிறது என்று கவனியுங்கள். குரல் பிடிக்காவிட்டால் அடுத்த ஒழுங்கைக்குப் போங்கள். பிடித்தால் தகப்பனின் ஊரையும் பேரையும் சொல்லுங்கள், கூட வருகிற அம்மாவின் பேரையும் சேர்த்து.