கேள்வி–பதில்: பேட்டரி கார் பஞ்சரானால் நாமே சக்கரம் மாற்றலாமா?

கோல்ஃப் மைதானத்துக்காக உருவான வண்டியை இன்று விடுதி, கல்லூரி வளாகம், கோயில், ரயில் நிலையம் என்று எங்கும் பார்க்கிறோம். ‘பேட்டரி கார்’ என்பதே அதன் பெயராகிவிட்டது. அதன் டயர் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: எங்கள் விடுதியில் நான்கு பேர் உட்காரும் பேட்டரி கார் இருக்கிறது. பின்சக்கரம் பஞ்சரானால் மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகிறது. காவலாளியும் தோட்டக்காரரும் சேர்ந்து சக்கரத்தை மாற்றிவிட முடியுமா? (வாசகர், கொடைக்கானல்)

முடியும். கார் சக்கரம் மாற்றத் தெரிந்தவருக்கு இது அரை மணி நேர வேலைதான். ஆனால் காரில் இல்லாத இரண்டு விஷயங்கள் இதில் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஜாக்கியைத் தொட வேண்டாம்.

முதலாவது, பிரேக். பெரும்பாலான பேட்டரி கார்களில் பார்க்கிங் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் தரையில் நிற்பது முன்சக்கரங்கள்தான், அவற்றுக்குப் பிரேக் கிடையாது. வண்டி ஜாக்கியிலிருந்து நழுவுவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரத்தில் முட்டுக்கட்டை கொடுங்கள். செங்கல் வேண்டாம், எடை ஏறினால் பொடியும்.

இரண்டாவது, சீட்டுக்கு அடியில் உள்ள ‘ரன் – டோ’ சுவிட்ச். ‘ரன்’ என்றால் ஓட்டுவதற்கு, ‘டோ’ என்றால் கட்டி இழுப்பதற்கு. சாவியை எடுத்த பிறகு இதை ‘டோ’ பக்கம் தள்ள வேண்டும். அப்போதுதான் யாராவது தெரியாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் சக்கரம் சுற்றாது. இங்கே வரிசை முக்கியம். மோட்டாரிலேயே பிரேக் அமைந்த சில மாடல்களில் ‘டோ’ வைத்ததும் அந்தப் பிரேக் விடுபட்டு வண்டி உருளத் தொடங்கும். அதனால் முட்டுக்கட்டை முதலில், சுவிட்ச் பிறகு. சீட்டைத் தூக்கினால் பேட்டரி முனைகள் திறந்து கிடக்கும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரை பேட்டரி மேல் வைக்கவே கூடாது. இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் இரும்பு உருகித் தெறிக்கும்.

இனி வேலை. வீல் கப் இருந்தால் நெம்பி எடுங்கள். டயர் தரையில் இருக்கும்போதே நான்கு நட்டுகளையும் அரைச்சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் வண்டிதான் ஆடும். ஜாக்கியைப் பின் ஆக்ஸில் ஹவுசிங்குக்கு, அதாவது பின்சக்கர அச்சை மூடிய இரும்புக் கூட்டுக்கு, அடியில் கொடுங்கள். பிளாஸ்டிக் பாடியிலோ பேட்டரித் தட்டிலோ கொடுத்தால் உடையும். ஈய அமில பேட்டரி வண்டியாக இருந்தால், எட்டு வோல்ட் பேட்டரி ஆறு, ஒவ்வொன்றும் 30 கிலோவுக்கு அருகில், எல்லாம் சீட்டுக்கு அடியில் பின்பக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்த எடை முழுக்க ஜாக்கி மேல் வருகிறது. டயர் தட்டையானபின் ஆக்ஸிலுக்கு அடியில் இடமும் குறைவு. பாட்டில் ஜாக்கி நுழையாது, தாழ்வான இரண்டு டன் டிராலி ஜாக்கிதான் சரி. டயர் தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பினால் போதும். உடனே ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து எடையை அதன்மேல் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கைவிட வேண்டாம்.

நட்டுகளைக் கழற்றிய பிறகும் ரிம் வராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மலைப்பகுதி ஈரத்தில் ஹப்பும் (சக்கரம் மாட்டும் வட்டு) ரிம்மும் துருவில் பிடித்துக்கொள்வது சகஜம். சம்மட்டியால் ரிம்மில் அடிக்காதீர்கள். துருநீக்கி எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, உள்பக்கமிருந்து டயரின் ரப்பர் மேல் ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள், விடும். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாற்றுச் சக்கரத்தை ஏற்றுங்கள். துரு அப்படியே இருந்தால் ரிம் சரியாக உட்காராது. இரண்டு நாளில் நட்டு தளரும்.

நட்டின் கூம்பு முனை ரிம்மை நோக்கி இருக்க வேண்டும். நான்கையும் விரலால் முடிந்தவரை சுற்றுங்கள். முதல் இரண்டு மரையிலேயே இறுகினால் நட்டு கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி ஏற்றுங்கள். நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டின் மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். கிரீஸ் இருந்தால் அதே விசைக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். வண்டியை இறக்கிய பிறகு குறுக்காக, எதிரெதிர் நட்டுகளாக இறுக்குங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து 75 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருப்பதே சரியான எண். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லையென்றால், ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற அழுத்தம். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 60 கிலோ ஆள் மிதித்தால் அது இரண்டு மடங்கு, ஸ்டட் முறியும். வண்டி சிறிது ஓடியபின், அடுத்த நாள் காலை நான்கையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: இந்த வண்டிகளோடு ஸ்டெப்னி வருவதில்லையே. பழைய கார் சக்கரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (வாசகி, கோவை)

வேண்டாம். பேட்டரி காருக்கு டயரும் ரிம்மும் சேர்ந்த முழுச் சக்கரம் ஒன்றை அதே அளவில் வாங்கி வையுங்கள். பரவலாக உள்ள அளவு 18×8.50-8. அதாவது உயரம் 18 அங்குலம், அகலம் எட்டரை, ரிம் எட்டு. உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கார் சக்கரம் கூடாது என்பதற்குக் காரணம் உயரம் மட்டும் இல்லை. பேட்டரி கார் ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே நான்கு அங்குலம், 101.6 மில்லிமீட்டர். நம் சிறிய கார்கள் பலவற்றில் அது 100 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அழுத்தினால் ஏறியும்விடும். ஆனால் நட்டின் கூம்பு முழுதாக உட்காராது.

நட்டிலும் இதே கண்ணி உண்டு. அமெரிக்க வண்டிகளின் ஸ்டட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஜப்பானிய வகைகளில் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25. அரை அங்குல நட்டு 12 மி.மீ. ஸ்டட்டில் தொளதொளவென்று ஏறிக்கொள்ளும், இறுக்கும்போது மரையைச் சீவிவிடும். கடையில் நட்டு வாங்கும்போது பழைய நட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஆணி, முள் எதுவும் இல்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை காற்று இறங்கிவிடுகிறது. (வாசகர், ராமநாதபுரம்)

முள் இல்லை என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்யாதீர்கள். உங்கள் பக்கம் சீமைக்கருவேலம் அதிகம். அதன் முள் டயருக்குள் போய் ஒடிந்துகொள்ளும், வெளியே ஒரு கரும்புள்ளிதான் தெரியும். இந்த டயர்கள் பெரும்பாலும் நான்கு பிளை (உள்ளடுக்கு) மட்டுமே கொண்ட மெல்லியவை. 20 பி.எஸ்.ஐ. காற்றடித்து, சோப்பு நீரை முதலில் வால்வு மேல் ஊற்றுங்கள். வால்வு வாயில் குமிழி வந்தால் உள்ளே உள்ள பின்னை மாற்றினால் போதும். வால்வின் அடிப்பகுதி ரப்பரை வளைத்துப் பார்த்துக் குமிழி வந்தால் வால்வையே மாற்ற வேண்டும். அடுத்து டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு. இரும்பு ரிம்மில் துரு படர்ந்திருந்தால் அங்கே நுரை நுரையாக மெல்லக் கசியும். டயரைக் கழற்றி, ரிம் விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்வதுதான் வழி. கடைசியாகத்தான் ரப்பர் பரப்பு.

முள் தரையைத் தொடும் பகுதியில் இருந்தால், டியூப்லெஸ் பஞ்சர் குச்சியை நீங்களே செருகலாம். பக்கச் சுவரில் இருந்தால் குச்சி நிற்காது. டயரை மாற்றுங்கள், அல்லது அதே அளவு டியூப் போடுங்கள். டியூப் போடும் முன் டயருக்குள் விரல் விட்டு ஒடிந்த முட்கள் எல்லாவற்றையும் தடவி எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று இருக்கும். ஒன்று மிஞ்சினாலும் புது டியூப் அன்றைக்கே போகும்.

கேள்வி: டயர் ரிம்மை விட்டே விலகிவிட்டது. காலால் அடிக்கும் பம்பால் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்கவில்லை. (வாசகர், திருநெல்வேலி)

கால் பம்பில் நிற்காது. டயர் விளிம்பு ரிம்மைத் தொடும்வரை அடித்த காற்று இடைவெளி வழியே போய்க்கொண்டே இருக்கும். விளிம்பிலும் ரிம்மிலும் சோப்பு நீர் தடவுங்கள். லாரிச் சரக்கு கட்டும் ரேச்சட் பெல்ட்டை டயரின் நடுவில் சுற்றி இறுக்குங்கள். நடு அமுங்க, விளிம்புகள் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரசரால் வேகமாகக் காற்றுவிடுங்கள். விளிம்பு பிடித்ததும் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, ‘டப்’ என்று இரண்டு சத்தம் வரும்வரை தொடருங்கள். விரல்கள் விளிம்புப் பக்கம் போகவே கூடாது. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டியும் உட்காரவில்லையென்றால், காற்றை இறக்கிவிட்டு மறுபடி சோப்பு தடவுங்கள். பெட்ரோல் தெளித்துத் தீ வைத்து உட்காரவைக்கும் வித்தையைச் சிலர் செய்வார்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும் வண்டிக்குப் பக்கத்தில் அதைச் செய்ய விடாதீர்கள்.

கேள்வி: பஞ்சர் கடையில் 35 பி.எஸ்.ஐ. அடித்துக் கொடுத்தார்கள். வண்டி குதிக்கிறது. (வாசகி, புதுச்சேரி)

கார் கணக்கில் அடித்திருக்கிறார்கள். இந்த டயருக்கு 18 முதல் 22 பி.எஸ்.ஐ. வழக்கம். ஆறு, எட்டுப் பேர் வண்டியானால் டயரில் உள்ள அளவைப் பாருங்கள். காலையில், வண்டி ஓடும் முன், ஏர் கேஜ் வைத்து இறக்கிவிடுங்கள். ஒரே ஆக்ஸிலில் உள்ள இரண்டுக்கும் ஒரே அளவு இருக்கட்டும்.

கேள்வி: பஞ்சரான வண்டியை ஷெட் வரை மெதுவாக ஓட்டிப் போகலாமா? (வாசகர், சேலம்)

கூடாது. ரிம் விளிம்பு டயரின் பக்கச் சுவரை நூறு மீட்டரிலேயே அறுத்துவிடும். குச்சியில் முடிய வேண்டிய செலவு புது டயராகும். ஜாக்கியை வண்டி நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். மண் தரையாக இருந்தால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் ஓர் அடிச் சதுரப் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.