‘எல்லோரும் எடுக்கலாம், யாரும் விற்கக் கூடாது’: எந்த உரிமம் போடுவது?

கேள்வி: பாமினி எழுத்துருவிலும் டிஸ்கி குறியாக்கத்திலும் உள்ள பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துப்பிழையும் காட்டும் மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். திரையில் சாளரம், பொத்தான் காட்டப் பைக்யூட்டி6 என்ற லைப்ரரி. சொற்பட்டியல் தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்தது. எழுத்துருக்களுக்கான கட்டற்ற உரிமமான ஓஎஃப்எல்லில் கிடைத்த எழுத்துரு ஒன்றும் உள்ளே இருக்கிறது. நண்பர்கள் இருவர் கொஞ்சம் நிரல் எழுதித் தந்தார்கள். கிட்ஹப்பில் பொதுவில் வைத்து, விண்டோசுக்கு எக்ஸ்இ கோப்பும் தர ஆசை. எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் யாரும் விற்கக் கூடாது. எந்த உரிமம் சரி? நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன்.

பதில்: ‘விற்கக் கூடாது’ என்பதை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அது நடக்காது. கட்டற்ற மென்பொருளில் ‘கட்டற்ற’ என்பது விலையைச் சொல்வதில்லை. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்ற நான்கு உரிமைகளைச் சொல்கிறது. காசுக்குத் தருவதும் அதில் அடக்கம். ‘வணிகத்துக்கு அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தால் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் உங்கள் மென்பொருளைச் சேர்க்காது. ‘நல்லதுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல’ என்ற ஒரே வரிக்காக, ஜேசன் என்ற தரவு வடிவத்தின் நிரலுக்குப் போட்டிருந்த உரிமத்தையே கட்டற்றதல்ல என்று ஒதுக்கியவர்கள் அவர்கள். கிரியேட்டிவ் காமன்ஸின் ‘என்சி’ (வணிகத்துக்கு அல்ல) உரிமத்தைப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மென்பொருளுக்குத் தங்கள் உரிமங்களைப் போட வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது.

உங்கள் உண்மையான கவலை, யாரோ இதை எடுத்துப் பூட்டிவைத்து விற்றுவிடுவார்களே என்பதுதான். அதற்குத்தான் ஜிபிஎல் என்ற உரிமம் இருக்கிறது. ஒருவர் 500 ரூபாய்க்கு விற்கலாம். ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலையும் தந்தாக வேண்டும், வாங்கியவர் அதை ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தால் தடுக்க முடியாது. அப்படிப்பட்ட சரக்கை விற்றுப் பிழைக்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை.

இனி எந்த உரிமம் என்பது. இதில் உங்கள் விருப்பத்தைவிட, மென்பொருளுக்குள் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்பதே முக்கியம். சமைத்து முடித்த பிறகு சைவமா அசைவமா என்று முடிவு செய்ய முடியாது.

பைக்யூட்டி6 இரண்டு வழிகளில் கிடைக்கிறது: ஜிபிஎல் 3, அல்லது அதை உருவாக்கும் ரிவர்பேங்க் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம். நீங்கள் வாங்கவில்லை என்றால், அதைச் சேர்த்துத் தரும் எக்ஸ்இ முழுவதும் ஜிபிஎல் 3-இன் கீழ்தான் போக முடியும். நீங்கள் எழுதிய கோப்புகளுக்கு, நிபந்தனை மிகக் குறைந்த எம்ஐடி உரிமம் போடத் தடையில்லை, இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் கட்டித் தரும் பொட்டலம் ஜிபிஎல்தான். பலர் தடுமாறுவது இங்கேதான்: முகப்பில் எம்ஐடி என்று போட்டுவிட்டு, உள்ளே பைக்யூட்டி வைத்து எக்ஸ்இ விநியோகிக்கிறார்கள். பின்னால் எம்ஐடிக்கே போகலாம் என்ற எண்ணம் இருந்தால், அதே வேலையைச் செய்யும் பைசைடு6-க்கு மாறுங்கள். அது ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் 3-இல் கிடைக்கிறது. நிரலில் உள்ள ‘இம்போர்ட்’ வரிகளையும், பைக்யூட்டிசிக்னல், பைக்யூட்டிஸ்லாட் ஆகிய பெயர்களை சிக்னல், ஸ்லாட் என்றும் மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். மற்ற லைப்ரரிகளின் உரிமங்களைப் பார்க்க ‘பிப்-லைசென்சஸ்’ என்ற கருவியை ஒரு முறை ஓட்டுங்கள், பட்டியல் வந்துவிடும். ‘ஜிபிஎல் 2 மட்டும்’ என்று ஏதாவது தென்பட்டால் நிற்க வேண்டும்: அது ஜிபிஎல் 3-உடனும் சேராது, அப்பாச்சி 2.0 என்ற உரிமத்துடனும் சேராது.

அடுத்தது சொற்பட்டியல். வெறும் சொல்லுக்குப் பதிப்புரிமை கிடையாது. தொகுப்புக்கு உண்டு, அதுவும் தேர்விலும் அடுக்கிலும் ஓரளவாவது படைப்பாற்றல் இருந்தால். ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஆனால் சொல்லோடு பொருள் விளக்கமும் எடுத்திருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. விக்சனரி 2023 ஜூன் முதல் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0-இல் (மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) இருக்கிறது. அந்தப் பட்டியலை நிரலுக்குள் பொதியாமல் தனிக் கோப்பாக, தனி அடைவில் வையுங்கள். பக்கத்திலேயே எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது, என்ன மாற்றினீர்கள் என்று நான்கு வரி எழுதி, அதே சிசி உரிமத்தில் விடுங்கள். நிரலோடு கலந்துதான் ஆக வேண்டும் என்றால் 4.0 பதிப்பிலிருந்து ஜிபிஎல் 3-க்கு ஒருவழிப் பாதை 2015 முதல் இருக்கிறது, 3.0 பதிப்புக்கு அந்தப் பாதை இல்லை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பார்த்து ஒட்டிய நிரல் இருந்தால் இதே கணக்குதான்: 2018 மே 2 முதல் எழுதிய பதில் என்றால் 4.0, அதற்கு முந்தையது பழைய பதிப்பு.

எழுத்துருவை ஓஎஃப்எல் உரிமக் கோப்போடு அப்படியே வையுங்கள். அதில் ஓர் எழுத்தையாவது திருத்தியிருந்தால், உரிமத்தின் முதல் வரிகளில் பெயர் ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அறிவித்திருந்தால் திருத்திய எழுத்துருவுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். பாமினி எழுத்துருக் கோப்பைச் சேர்க்கவே வேண்டாம். மாற்றுவதற்கு எழுத்து அட்டவணை போதும்.

இதுவரை பார்த்தது மற்றவர்கள் பொருள். உங்கள் பொருள் உண்மையில் உங்களுடையதா என்பது அடுத்த கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவுப்படி, வேலையின் பகுதியாக ஓர் ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நிறுவனம்தான். தமிழ் எழுத்துமாற்றி உங்கள் வேலையின் பகுதி இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பணி நியமன ஒப்பந்தங்களில் ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்ற வாசகம் சர்வ சாதாரணம். அதை எடுத்து ஒரு முறை படியுங்கள். அலுவலக மடிக்கணினியில் ஒரு வரி எழுதியிருந்தாலும், மனிதவளப் பிரிவிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் உதவாது.

நண்பர்கள் எழுதிய பகுதி அவர்களுடையது. ‘கிட் ஷார்ட்லாக்’ கட்டளை யார் யார் எழுதினார்கள் என்று காட்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீங்கள் ஏற்றியிருந்தால் அங்கே உங்கள் பெயர்தான் தெரியும், நினைவிலிருந்துதான் பிரிக்க வேண்டும். இருவரிடமும் இப்படி ஒரு மின்னஞ்சல் கேளுங்கள்:

“இந்த மென்பொருளுக்கு நான் எழுதித் தந்த பகுதிகள் நானே எழுதியவை. அவற்றை ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பின் கீழ், உலகெங்கும், பதிப்புரிமைக் காலம் முழுதும் வெளியிட ஒப்புக்கொள்கிறேன்.”

‘உலகெங்கும், காலம் முழுதும்’ என்பது அலங்காரமல்ல. காலமும் எல்லையும் குறிக்காத உரிமை மாற்றத்தை 5 ஆண்டுக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்கிறது சட்டத்தின் 19ஆம் பிரிவு. 30ஏ பிரிவு அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. இன்றைக்கு இரண்டு பேர், ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும். 2011-12இல் விஎல்சி மீடியா பிளேயரின் பெரும்பகுதியை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

ஆக, ‘ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது’ என்பதே உங்களுக்கு என் பரிந்துரை. யாராவது இதைத் திருத்தி இணையத்தளமாக ஓட்டி, திருத்தத்தைத் தராமல் இருந்துவிடுவார்களோ என்ற கவலை இருந்தால் ஏஜிபிஎல் 3 போடலாம். ஜிபிஎல் விநியோகத்தை மட்டுமே பிடிக்கும், வழங்கியில் (சர்வரில்) ஓடுவதைப் பிடிக்காது. பாமினி-யூனிகோடு அட்டவணையை மட்டும் எம்ஐடியில் தனியாக விட்டால் நல்லது என்பது என் எண்ணம். அதை ஆளாளுக்கு மறுபடி தட்டச்சு செய்து புதுப்புதுப் பிழை போடுவதில் யாருக்கும் லாபமில்லை.

உரிமத்தை ஒட்டுவதில் வரும் தவறுகள் சிறியவை, ஆனால் ஓயாமல் வருபவை. கிட்ஹப்பில் புதிய கோப்புக்கு ‘லைசென்ஸ்’ என்று பெயரிட்டால் வார்ப்புரு பொத்தான் தெரியும். ஜிபிஎல் 3-ஐத் தேர்ந்தெடுங்கள். 674 வரிகளில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். கடைசியில் ஆண்டு, பெயர் என்று கோணல் அடைப்புக்குள் வருவது உங்கள் கோப்புகளின் தலையில் எப்படி எழுதுவது என்பதற்கான மாதிரி. அதை அங்கே நிரப்புவது தவறு. எம்ஐடியில் நேர்மாறு: அங்கே நிரப்பியே ஆக வேண்டும், நிரப்பாமல் விட்டவை ஏராளம். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் இரண்டு வரி போடுங்கள், கோப்பில் ஆங்கில எழுத்தில்:

எஸ்பிடிஎக்ஸ்-ஃபைல்காப்பிரைட்டெக்ஸ்ட்: 2025 உங்கள் பெயர்
எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்: ஜிபிஎல்-3.0-ஆர்-லேட்டர்

பிறகு ‘ரீயூஸ் லின்ட்’ என்ற கட்டளையை ஓட்டினால் விடுபட்ட கோப்புகளைச் சொல்லிவிடும். உரிமத்தைத் தமிழில் விளக்கி ‘ரீட்மீ’யில் எழுதலாம், ஆனால் சட்டப்படி செல்லுவது ஆங்கில மூலம்தான். எழுதும்போது ‘காப்புரிமை’ என்று போடாதீர்கள். அது பேட்டன்டா காப்பிரைட்டா என்று படிப்பவருக்குக் குழப்பம்; ‘பதிப்புரிமை’ என்றால் தெளிவு.

கடைசியாக எக்ஸ்இ. பைத்தான் நிரலை எக்ஸ்இ ஆக்கும் பைஇன்ஸ்டாலர் கொண்டு கட்டலாம். அதன் உரிமத்தில் உள்ள விதிவிலக்கு, நீங்கள் கட்டுவதை அது கட்டுப்படுத்தாமல் பார்த்துக்கொள்கிறது. எக்ஸ்இயைக் கூகுள் டிரைவில் வைத்தாலும் தப்பில்லை, இறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மூலநிரலுக்கு வழி காட்டியிருக்க வேண்டும். அந்த மூலநிரல் அதே பதிப்பாக இருக்க வேண்டும், 1.2 எக்ஸ்இயைத் தந்துவிட்டு, பாதி திருத்திய இன்றைய நிரலைக் காட்டக் கூடாது. எனவே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கிட்டில் டேக் (அந்தப் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) போடுங்கள். உள்ளே போன பைக்யூட்டி6, அதற்கு அடிப்படையான க்யூட்டி இரண்டின் மூலநிரலும் இந்தக் கடமையில் அடங்கும். அவர்கள் தளத்துக்கு இணைப்புத் தரலாம், ஆனால் அந்த இணைப்பு அறுந்தால் பொறுப்பு உங்களுடையது. அதே பதிப்பின் மூலநிரல் பொட்டலங்களை இறக்கி வெளியீட்டுப் பக்கத்திலேயே சேர்த்துவிட்டால் தொல்லை இல்லை.