நினைவெல்லாம் போய்விட்டால் அவர் அதே ஆள்தானா?

அதே ஆள்தான். என் அம்மாவின் கடைசி மூன்று வருடங்களைக் கூடவே இருந்து பார்த்தபின் இதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நான் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் கட்சி. 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த ஓர் அத்தியாயத்தில், நம் பிரக்ஞை எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் நாம் அதே ஆள் என்றார் அவர். ஓர் இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் புகுந்துவிட்டால், அங்கே இருப்பது இளவரசன்தான். கேட்டவுடன் சரிதானே என்று தோன்றும்.

தாமஸ் ரீட் 1785இல் இதில் ஓட்டையைக் காட்டினார். சிறுவயதில் திருடி அடி வாங்கிய ஒருவர், வாலிபத்தில் போர்க்களத்தில் எதிரியின் கொடியைப் பறிக்கிறார், வயதானபின் தளபதி ஆகிறார். கொடி பறித்த நாளில் அந்த அடி அவருக்கு நினைவிருந்தது. தளபதியானபோது கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. அப்படியானால் தளபதியும் வீரரும் ஒருவர், வீரரும் சிறுவனும் ஒருவர், ஆனால் தளபதியும் சிறுவனும் வேறு வேறு! நினைவுகளைச் சங்கிலியாகக் கோத்தால் போதும் என்று பின்னால் வந்தவர்கள் இதற்கு ஒட்டுப் போட்டார்கள்.

டெரக் பார்ஃபிட் 1984இல் 'அதே ஆளா' என்பதே முக்கியமில்லை, முன்பிருந்த நமக்கும் இன்றைய நமக்கும் இடையே மனத்தொடர்பு எவ்வளவு மிச்சம் என்பதுதான் முக்கியம் என்றார். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கோ, அம்மா தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறார் என்றுதான் அர்த்தமானது.

"நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டுவிட்டு, மடியில் கிடக்கும் துண்டை எடுத்து மடிப்பார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மடிப்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி ஓர் இழுப்பு. கோணலாகிவிட்டால் உதறிவிட்டு முதலிலிருந்து. நான் சின்னப் பையனாகப் பார்த்த அதே கை. லாக்கின் கணக்கில் இந்தக் கைக்கு இடமே இல்லை.

நாம் அடிப்படையில் உயிருள்ள உடல்கள், அந்த உயிர் தொடரும்வரை அதே ஆள் என்று எரிக் ஓல்சன் 1997இல் வாதிட்டார். முடிவு எனக்குச் சம்மதம், காரணம் போதவில்லை. மூச்சு ஓடியதால் மட்டும் நான் அவரை அம்மா என்று கூப்பிடவில்லை. மார்யா ஷெக்ட்மன் 2014இல் எழுதியதுதான் எனக்கு நெருக்கம்: ஒருவரின் வாழ்க்கை அவர் தலைக்குள் மட்டும் நடப்பதில்லை, அவரை அவராகவே நடத்தும் மற்றவர்களும் அதில் சேர்த்தி.

அம்மா மறந்துபோன என் பள்ளி நாள்களை நான் அவருக்கே சொல்வேன். யாருடைய கதையோ போலக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம், "அந்தப் பையன் சாப்பிட்டானா?" என்பார்.