கோயில் மரத்து வௌவாலை விரட்டலாமா?

சார், எங்க ஊரு பொள்ளாச்சி பக்கம். அம்மன் கோயில் ஆலமரத்துல எங்க தாத்தா காலத்துல இருந்தே பழந்தின்னி வௌவால் தொங்குது. கேரளாவுல வௌவால்ட்ட இருந்து நிபா வைரஸ் பரவுதுன்னு நியூஸ் வந்ததுல இருந்து, வேட்டு போட்டு விரட்டணும், இல்லாட்டி மரத்தையே வெட்டணும்னு ஊருக்குள்ள பேச்சு. நீங்க என்ன சொல்றீங்க?
– ஒரு வாசகர்

வணக்கம். தயவுசெஞ்சு அத மட்டும் நடக்க விடாதீங்க.

பயப்படுறது நியாயம்தான், 2018ல கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் 17 பேரு செத்துப்போனாங்க. ஆனா அதுல முதல் ஆளுக்குத்தான் வௌவால்ட்ட இருந்து வந்திருக்கணும்னு சொல்றாங்க, மத்தவங்களுக்கு நோயாளி பக்கத்துல இருந்து, அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில ஒட்டுனது.

விரட்டுனா என்ன ஆகும்னு யோசிக்க ஆஸ்திரேலியாவப் பாருங்க. அங்க ஹெண்ட்ரான்னு நிபாவோட சொந்தக்கார வைரஸ், வௌவால்ட்ட இருந்து குதிரைக்கும் குதிரையில இருந்து மனுஷனுக்கும் வரும். 1996ல இருந்து 2020 வரைக்கும் உள்ள டேட்டாவ வச்சு 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு. குளிர்காலத்துல பூக்குற காட்டையெல்லாம் அழிச்சதால தேன் கிடைக்காம, பெருங்கூட்டமா இருந்த வௌவாலுங்க சின்னச் சின்னக் கூட்டமா பிரிஞ்சு ஊருக்குள்ளயும் குதிரைப் பண்ணைப் பக்கமும் வந்து தங்கிருச்சு, தீனி கொறைஞ்ச வருஷத்துக்கு அப்புறந்தான் நோய் தாவுறது அதிகமாச்சு, காடு நல்லா பூத்த குளிர்காலத்துல அதுங்க அங்க போயிருச்சு, குதிரைக்கு நோயே வரல. அங்க விரட்டுனது பசி, இங்க நீங்க வேட்டு போட்டு விரட்டப் பாக்குறீங்க. ஒரே ராத்திரியில பல கிலோமீட்டர் பறக்குற ஜீவன், உங்க மரத்த விட்டுட்டு எங்க போகும்? வீட்டுக் கொல்லையில இருக்குற கொய்யாவுக்கும் மாமரத்துக்கும்தான். இலுப்பை விதைய ஊரு ஊரா கொண்டு போறதும் அதுங்கதான், அதையும் சொல்லுங்க.

கடிச்ச பழம், கீழ விழுந்த பழம் எதையும் புள்ளைங்க எடுத்துத் திங்கக் கூடாது. பக்கத்துல கிணறு இருந்தா வலை போட்டு மூடுங்க. செத்த வௌவாலக் கையால தொடாதீங்க. பங்களாதேஷ்ல ராத்திரி கேமரா வச்சுப் பாத்தப்ப, குடிக்கிற சாறு இறக்க ஈச்ச மரத்துல சீவுன இடத்த வௌவால் நக்குறதும் அங்கயே மூத்திரம் போறதும் தெரிஞ்சுச்சு, அதான் இப்ப மூங்கில் தட்டி கட்டி மறைக்கச் சொல்றாங்க. அதனால காய்ச்சாத பதநீர்ல கவனம்.

இன்னொண்ணு, மரத்தடியில ஆடு, மாடு, பன்னி கட்டுறாங்களா? 1998ல மலேசியாவுல பன்னிப் பண்ணை ஓரமா இருந்த பழமரத்துல வௌவால் தின்னு போட்டது பன்னிக்குப் போய்த்தான் நிபாவே வெளிய வந்துச்சுன்னு சொல்றாங்க, நூறு பேருக்கு மேல செத்தாங்க. கட்டுத்தறிய மொதல்ல வேற இடத்துக்கு மாத்தச் சொல்லுங்க.