குட்டிச்சாத்தானுக்கு யார் எஜமான்?

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் தமிழும் பேசுகிற ஊர் எங்கள் கொழிஞ்சாம்பாறை. அங்கே வாசகசாலையில் பிள்ளைகளுக்காக 'மை டியர் குட்டிச்சாத்தான்' போட்டோம். 1984-ல் நவோதயா அப்பச்சன் தயாரித்து ஜிஜோ இயக்கிய மலையாளப் படம், இந்தியாவின் முதல் 3டி படம். மந்திரவாதியிடம் அடிமையாகக் கிடக்கும் ஒரு சாத்தானை (பைபிள் சாத்தான் இல்லை, கேரளத்து நாட்டார் தெய்வம்) மூன்று பிள்ளைகள் விடுவித்து நண்பனாக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. படம் முடிந்ததும் இதில் அரசியல் இருக்கிறது என்று சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

மாஷே (வாத்தியாரே), குழந்தைங்க படத்துல என்ன அரசியல்? நாம வலிய தேடுறோமோ? (வேலந்தாவளத்திலிருந்து ஒரு அம்மா)

தேடவே வேண்டாம் அம்மா, கதையே அதுதான். ஒருவன் இன்னொருவனைக் கட்டிப்போட்டு, கூலி இல்லாமல், அவன் விருப்பத்தைக் கேட்காமல் வேலை வாங்குகிறான். இதற்கு நம் நாட்டில் கொத்தடிமை என்று பெயர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல், படம் வந்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து. அவனை விடுவிப்பவர்கள் போலீசும் இல்லை, பூசாரியும் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கிற பாட்டு இருக்கிறதே, அதற்காக ஒரு அறையையே சுழலும்படி கட்டினார்கள். அந்த நாலு நிமிஷம் பெரியவர்கள் போட்ட எந்த ஒழுங்கும் அந்த அறைக்குள் செல்லாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாத்தான் எங்க வீட்ல கும்பிடுற தெய்வம். படத்துல பொம்மை மாதிரி ஆக்கிட்டாங்கன்னு வருத்தம். (பாலக்காட்டுச் சித்தூர்)

உங்கள் வருத்தம் நியாயம், எனக்கும் உண்டு. வடக்கே மலபாரில் குட்டிச்சாத்தான் தெய்யமாக, அதாவது வேஷம் கட்டி ஆடும் தெய்வமாக வருகிறான், அதைக் கட்டி ஆடுகிறவர்கள் மலையன் சமூகத்தார். அந்தக் கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். ஆனால் நம்பூதிரிப் பிராமணர் இல்லத்தில் வளர்ந்த அடங்காத பையனை வெட்டித் துண்டாக்கி நெருப்பில் போட, அந்த நெருப்பிலிருந்தே சாத்தான்கள் எழுந்து வருவதுதான் அதன் உயிர். அது சாதியைப் பற்றிய கதை, கோபத்தின் கதை. படத்தில் இதில் ஒரு துளியும் இல்லை. விடுதலை இருக்கிறது, ஆனால் இவன் எங்கிருந்து வந்தான், யார் வீட்டுப் பிள்ளை, யார் இவனை எரித்தார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, கேட்கும்படி படமும் விடவில்லை. நம் பாலக்காட்டு ஒடியனுக்கும் இதே கதிதான். ராத்திரியில் காளையாக, நாயாக உருமாறி வந்து ஆளைக் கொல்வான் என்று பறையர், பாணர் பேரில் பயத்தை ஏற்றினார்கள். அவர்களை ஏவிவிட்டதாகச் சொல்லப்படுகிற ஜன்மிமார், அதாவது நிலப்பிரபுக்கள் பேரில் யாருக்கும் பயம் வரவில்லை பாருங்கள். பேய்க்கதை கேட்டால் பேய் யாருடைய சாதி, ஏவியவன் யார் என்று ரெண்டையும் கேட்க வேண்டும்.

படத்துல வர்ற மூணு பிள்ளைங்கள்ல அந்தப் பொண்ணோட அப்பா குடிக்கிறாரே, அது எங்க வீட்டுக் கதை. (கோவிந்தாபுரம், பிளஸ் டூ மாணவி)

தெரியும்மா. கள்ளு இறக்குகிற ஊர் நம்முடையது, சித்தூர்த் தோப்புகளிலிருந்து வண்டி வண்டியாக வெளியூர் போகிறது. படம் அப்பாவைத் திருத்த வேண்டிய ஒரு தனி மனுஷனாக மட்டும் காட்டுகிறது. யார் விற்றார்கள், யாருக்கு லாபம், அரசாங்கத்துக்கு வரி எவ்வளவு என்கிற பக்கமே திரும்பவில்லை. கேரளத்தில் சாராயத்தைத் தடை செய்ததே 1996-ல்தான். ஆனாலும் ஒரு வீட்டுப் பெண் குழந்தையின் துக்கத்தைக் கதையின் நடுவில் வைத்தார்கள், அது சின்ன விஷயமில்லை. அந்த வருஷத்து தேசிய விருதை நாலு குழந்தை நடிகர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதில் அந்தப் பெண்ணும் உண்டு.

டைரக்டர் இதெல்லாம் நினைச்சா எடுத்திருப்பார்? (வாளையார்)

நினைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அமெரிக்காவின் 'ஓஸ் மந்திரவாதி' கதை 1900-ல் வந்தது. அதிலுள்ள வெள்ளிச் செருப்பு தங்கத்தோடு வெள்ளியையும் நாணயமாக்க வேண்டுமா என்று அந்தக் காலத்தில் நடந்த சண்டையைக் குறிக்கிறது என்று 1964-ல் லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் எழுதினார். கதையை எழுதிய எல். ஃபிராங்க் பாம் அப்படி நினைத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பிற்பாடு லிட்டில்ஃபீல்டே சொன்னார். 1939 படத்திலோ கலரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று செருப்பைச் சிவப்பாக்கிவிட்டார்கள், வெள்ளியே போய்விட்டது! அதனால் எடுத்தவர் மனதைவிடத் திரையில் என்ன இருக்கிறது, என்ன விடுபட்டது என்று பார்ப்பதுதான் நமக்கு வேலை.

மலையாளப் படத்துல நம்ம தமிழ்ப் பசங்க எங்க மாமா? (கொழிஞ்சாம்பாறை, ஏழாம் வகுப்பு)

பெரும்பாலும் இல்லை தம்பி. வந்தால் லாரி ஓட்டுகிறவராக, கூலிக்காரராக, அடியாளாக வருகிறார்கள். குட்டிச்சாத்தானிலும் இசை நம் இளையராஜா, கதையில் நாம் இல்லை. இங்கே வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகிற பிள்ளைகள் எவ்வளவு பேர், அவர்களில் ஒருவன் சாத்தானோடு சுவரில் நடக்கக் கூடாதா என்ன? நீயே ஒரு கதை எழுதிக் கொண்டு வா, ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் எல்லோர் முன்னாலும் படிப்போம்.